வலது கைக் கடிகாரம்

எங்கள் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல. அதில் எனக்கு வருத்தமில்லை. என் முகத்தைப் பார்த்து யாருக்கும் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை வந்துவிடப் போவதில்லை. மேஜைக்குப் பின்னால், பாஸ்போர்ட் அளவு, ஸ்டாம்ப் அளவு என்று எழுதிய அட்டைக்கு மேலே, ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

படத்தில் இரண்டு பேர். வாடகை மழைக்கோட்டு போட்டு, அதோடு சேர்ந்த தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு, குளிரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும். கல்யாணமாகிப் பதினோராவது நாள். பின்னால் அந்தப் பிரபலமான அருவி. இடப்பக்கம் தூண் மாதிரி தடித்த நீர். வலப்பக்கம், யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனதுபோல் மெல்லிசாக ஒன்று. இரண்டுக்கும் நடுவே தோள்பட்டை மாதிரி ஒரு பாறை. அப்பா வலது கையால் அம்மாவின் தலைத்துணியின் ஓரத்தைப் பிடித்திருப்பார், காற்றில் பறந்துவிடாமல். மணிக்கட்டில் கடிகாரம் பளிச்சென்று தெரியும்.

அப்பா கடிகாரத்தை வலது கையில்தான் கட்டுவார். எழுதுவதும் அந்தக் கைதான், கேமராவைப் பிடிப்பதும் அந்தக் கைதான். அதனால் நாள் முழுக்க அது எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கும். ஏன் இந்த அவஸ்தை என்று கேட்டால், இடது கையில் கட்டினால் அரிக்கிறது என்பார். நாங்களும் விட்டுவிட்டோம். மனிதனுக்கு அரிப்பதை எல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா?

படத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அது நிஜ அருவியா, திரையா என்று கேட்பார்கள். ஸ்டூடியோவில் அருவி வரைந்த திரை ஒன்றும் இருந்ததால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். அப்பாவுக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும். நிஜம்தான், ஒரு வாரம் தும்மினேன் என்று சாட்சி சொல்வார். அம்மாவும் உள்ளே இருந்து தன் சாட்சியைச் சேர்த்துக்கொள்வாள். அருவிக்கு முதுகைக் காட்டி நின்றதில் இடது காது மூன்று நாள் அடைத்துப்போனதாம்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. படத்தின்படி அந்தத் தடித்த நீர் அம்மாவின் வலது காதுப் பக்கம் இருக்கிறது. அடைப்பதென்றால் அந்தக் காதுதான் அடைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இடம் வலம் எப்போதும் கொஞ்சம் குழப்பம்தான் என்று நினைத்து, பெருந்தன்மையோடு நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். ஆனால் பெரிதாகச் சொல்லிச் சின்னதாகக் காட்டுகிறவர். கடல் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய் ஏரியைக் காட்டி, கரை தெரியாத பக்கமாக உட்காரவைப்பார். சர்க்கஸுக்கு என்று கிளப்பி, கூடாரத்துக்கு வெளியே யானை குளிப்பதைப் பார்க்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார். ஸ்டூடியோவுக்கு ஞாயிறும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. ஆகவே அம்மா தன் வாழ்க்கையில் போன ஒரே வெளியூர்ப் பயணம் அந்த அருவிதான்.

போன மாதம் ஒரு விருந்தில் அதற்கும் வந்தது வினை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பத்துப் பேர் நடுவே சிரித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணி, என் அண்ணனை எனக்குத் தெரியாதா? அவனாவது, அவ்வளவு பெரிய அருவிக்குக் கூட்டிட்டுப் போறதாவது. பக்கத்துல ஏதாவது ஓடையில நிறுத்திப் படம் எடுத்துட்டு, இதுதான் அதுன்னு சொல்லியிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றினாள். அரைமணி நேரம் துடைத்தாள். அவ்வளவு தூசி அதில் இல்லை.

"என்னை அங்கே ஒரு தடவை கூட்டிட்டுப் போ," என்றாள் என்னிடம். "அதே இடத்துல நின்னு ஒரு படம் எடுத்து அவ மூஞ்சியில காட்டணும்."

குரலில் வீம்பு இருந்தது. அடியில் இருந்தது பயம் என்பது எனக்குப் புரிய அருவி வரை போக வேண்டியிருந்தது. இருக்கும் ஒரே பயணமும் ஏமாற்றுவேலை என்றாகிவிட்டால், அப்புறம் நாற்பத்தைந்து வருஷத்தில் அவளுக்கென்று என்ன மிச்சம்?

சுற்றுலா வேனில் இரண்டு இருக்கை பிடித்தேன். டிரைவர் கலகலப்பான ஆள். காலை பத்துக்கு அருவி, அப்புறம் தொங்குபாலம், சாப்பாடு, இரண்டு மணிக்குச் சின்ன அருவி, நாலு மணிக்குத் திரும்ப அருவிக்கே வந்து, குளிக்க இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பாடு என்று பட்டியல் சொன்னார். அம்மா சட்டத்தோடு அந்தப் படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கொண்டைஊசி வளைவுகளில் மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள், அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

பார்வை மேடைக்குப் போகும் வழியில் மழைக்கோட்டு வாடகைக்கு விடும் கடை இன்னும் இருந்தது. அம்மாவுக்கு அதிலேயே பாதித் தெம்பு வந்துவிட்டது. ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு படியேறினோம். மேடைக்கு வந்ததும் முகத்தில் தண்ணீர் தூவியது. அம்மா துண்டை அவிழ்த்துப் படத்தைத் தூக்கிப் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், அருவியைப் பார்த்தாள். மறுபடி படத்தை, மறுபடி அருவியை. பிறகு என்னைப் பார்த்தாள், ஏதோ அருவி என் பொறுப்பு என்பதுபோல.

"இது அது இல்லடா."

நானும் பார்த்தேன். தடித்த நீர் வலப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. மெல்லிசு இடப்பக்கம். நடுவில் பாறை இருந்தது, ஆனால் அதன் தோள் வேறு பக்கம் சரிந்திருந்தது.

நாற்பத்தெட்டு வருஷத்தில் தண்ணீர் வழி மாறியிருக்கும் என்றேன். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி விழும் என்றேன். எனக்கு அருவிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது மேலிருந்து கீழே வரும் என்பதுதான், இருந்தாலும் கால்மணி நேரம் பேசினேன்.

அந்த மேடையில் ஒரு போட்டோகிராபர் இருந்தார். கழுத்தில் கேமரா, இடுப்பில் சின்ன பிரிண்டர், பத்து நிமிடத்தில் படம் கையில். நானும் அதே தொழில் என்பதை நான் சொல்லவில்லை, தொழில்காரனிடம் தொழில்காரன் உதவி கேட்பது கௌரவக் குறைவு. அம்மா நேராக அவரிடமே படத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம அருவி இல்லைங்கம்மா. இருபத்தெட்டு வருஷமா இதையே பார்த்துட்டு நிக்கிறேன். பொண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு பார்த்ததில்ல. தடிச்ச தண்ணி என்னிக்கும் வலப்பக்கம்தான்."

அப்படியென்றால் இது எந்த அருவி என்று அம்மா கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, சின்ன அருவியில் இப்படி இடப்பக்கம் தடியாக விழும் என்றார். அந்தக் காலத்தில் பெரிய அருவிக்குச் சரியான படி கிடையாது, நிறையப் பேர் அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். ஒரு குடும்பத்தின் மானத்தில் கல்லைத் தூக்கிப் போடுகிறோம் என்று அந்த நல்ல மனிதருக்கு எப்படித் தெரியும்?

அக்கரையிலிருந்து எடுத்த படமாக இருக்கும் என்றேன் நான். தொழில் மூளை. அங்கிருந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும் என்று அம்மாவுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அதை நம்பித் தொங்குபாலத்தில் ஏறினோம். பாலம் ஆடியது. முன்னால் போன புதுமணத் தம்பதி வேண்டுமென்றே இன்னும் ஆட்டினார்கள். அம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் என் மழைக்கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்கரையில் போய் நிமிர்ந்து பார்த்தால் மெல்லிய நீரையே காணோம். பாறை அதை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. ஆக அந்தக் கரையிலிருந்து தெரிவது ஒரே ஓர் அருவி, என் தொழில் மூளை அங்கேயே கவிழ்ந்தது.

"இப்போ ஒண்ணுதான் இருக்கு," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போ, அதுவும் போயிடும்."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். படத்தை எதிர்நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள். பரிமாறியவர் அதையும் ஒரு ஆளாக எண்ணித் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்த டம்ளரையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். சர்க்கஸ் யானைக் கதையை அவளாகவே எடுத்தாள். வழக்கமாக அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்காது. இன்றைக்கு, அந்த யானை குளிக்கக்கூட இல்லை, வெறுமனே நின்றது என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மணிக்குச் சின்ன அருவி. பெயருக்கேற்ற அடக்கம். இரண்டு ஆள் உயரம், முட்டியளவு தண்ணீர், ஓரத்தில் துணி காயப்போட்டிருந்தார்கள். ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் தடியாகவும் வலப்பக்கம் மெல்லிசாகவும் விழத்தான் விழுந்தது. நடுவில் பாறை இல்லையே என்று அவசரமாகச் சுட்டிக்காட்டினேன்.

"உருண்டு போயிருக்கும்," என்றாள் அம்மா.

இவ்வளவு சின்ன அருவியில் காது அடைக்க வழியே இல்லை என்றேன். இங்கே கொசு கத்தினால்கூடக் கேட்கிறது என்றேன்.

"அந்த வயசுல எல்லாமே பெரிய சத்தமாத்தான் கேட்கும்."

காலையில் பெரிய அருவிக்காக நான் சொன்ன சமாதானங்களை எல்லாம் இப்போது அவள் சின்ன அருவிக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதிர்க்கட்சியாகிவிட்டேன். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, படத்தைத் துண்டில் சுற்றினாள். அப்பாவின் முகம் கடைசியாக மறைந்தது.

"ஏமாத்தினதுகூடப் பரவாயில்ல. நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, ஒரு தடவையாவது என் வாயை மூடியிருக்கலாம். கேட்டுட்டு உட்கார்ந்திருந்தார் பாரு."

அப்பாவுக்காக வாதாட ஆசை, ஆனால் அவர் காட்டிய ஏரிகள் எல்லாம் வரிசையாக வந்து எதிர்சாட்சி சொல்லின. செத்துப்போன மனிதரிடம் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அந்தப் படத்தின்மேல் வந்த கோபம் இன்னும் அதிகம். ஏனென்றால் அந்தப் படத்துக்கு நானும் பங்குதாரன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது, படிப்பை முடித்து ஸ்டூடியோவில் சேர்ந்த புதிது. அப்பா ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழுப்படம் எடுக்க மூன்று நாள் போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்துக் கூரை ஒழுகி, சுவரில் இருந்த பழைய அருவிப் படமும் அதன் சின்னப் பிரதி இருந்த ஆல்பமும் ஊறிப்போயின. மேஜையில் தகர டப்பாவில் இருந்த ஃபிலிம் மட்டும் தப்பித்தது. அப்பா திரும்புவதற்குள் நானே இருட்டறையில் உட்கார்ந்து, முன்னைவிடப் பெரிதாக ஒன்று போட்டு, சட்டம் அடித்து மாட்டிவிட்டேன். நான் தனியாகப் போட்ட முதல் பெரிய படம். அப்பா வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் கழுத்தில் கையை வைத்து, "ஃபோகஸ் நல்லா வந்திருக்கு," என்றார். அதற்குமேல் ஒரு பாராட்டும் எனக்கு அவரிடமிருந்து வந்ததில்லை. அதையே இருபத்துநாலு வருஷமாகச் சட்டம் போட்டு நெஞ்சுக்குள் மாட்டி வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு வேன் பெரிய அருவிக்குத் திரும்பியது. குளித்தவர்கள் தலை துவட்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார் டிரைவர். அம்மா இறங்கமாட்டேன் என்றாள். வந்தது வந்தோம், பெரிய அருவியோடு ஒரு படமாவது இருக்கட்டும் என்று நான் கெஞ்சி இறக்கினேன். யாருடைய அருவியோ, நமக்கெதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே மழைக்கோட்டை மாட்டினாள். அந்தப் போட்டோகிராபரைக் காணோம். பாஸ்போர்ட் படத்துக்குக் காது தெரியவில்லை, முடியை ஒதுக்குங்கள் என்று ஊருக்கெல்லாம் இலக்கணம் சொல்கிற நான், கடைசியில் போனைத் திருப்பிப் பிடித்து செல்ஃபி எடுக்கும் நிலைக்கு வந்தேன்.

இருவரும் அருவிக்கு முதுகைக் காட்டி நின்றோம். அம்மா என் இடப்பக்கம் நின்றாள். காற்றில் அவள் தலைத்துணி பறந்தது. போன் வலது கையில் இருந்ததால், இடது கையால் அதன் ஓரத்தை எட்டிப் பிடித்தேன். அம்மா சட்டென்று இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படியே நில்லு. கையை ஆட்டாதே."

அவள் போனின் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். திரையில் தடித்த நீர் இடப்பக்கம் இருந்தது. மெல்லிசு வலப்பக்கம். நடுவில் பாறை, அதன் தோள் எந்தப் பக்கம் சரிய வேண்டுமோ அந்தப் பக்கம் சரிந்து.

"இதுதான்," என்றாள் அம்மா. "இதேதான். எடு, எடு, போயிடப் போகுது."

எடுத்தேன். எடுத்த படத்தைத் திறந்தேன். போயிருந்தது. தடித்த நீர் மறுபடி வலப்பக்கம்.

அம்மா திரும்பி அருவியைப் பார்த்தாள். வலப்பக்கம். போனை மறுபடி செல்ஃபிக்குத் திருப்பச் சொன்னாள். இடப்பக்கம். எடுத்தால் வலப்பக்கம். மூன்று தடவை எடுத்தோம். இந்த அருவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் பயந்தாள். எனக்கு ஆகிக்கொண்டிருந்தது வேறு.

செல்ஃபி எடுக்கும்போது போன் கண்ணாடி மாதிரி காட்டும். எடுத்து முடித்ததும் நிஜம்போல் திருப்பிவிடும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் அது உறைக்க ஒரு பகல் பிடித்தது. கண்ணாடியில் தெரியும் அருவிதான் எங்கள் படத்தோடு ஒத்துப்போகிறது. அப்படியென்றால் எங்கள் படம்தான் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறியது.

துண்டை அவிழ்த்துச் சட்டத்தைப் போனில் ஒரு படம் எடுத்தேன். வாடிக்கையாளர்களுக்காக ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்துகிற அதே பொத்தானை அழுத்தி, இடம் வலம் திருப்பினேன். எதிரே இருந்த அருவிக்குப் பக்கத்தில் பிடித்தேன். தடித்த நீர், மெல்லிய நீர், பாறையின் தோள், அதில் இருந்த விரிசல் வரைக்கும் ஒன்றாக நின்றது. கூட்டிவந்திருக்கிறார். சொன்ன அருவிக்கே, சொன்னபடியே கூட்டிவந்திருக்கிறார். இங்கேதான் நின்று தும்மலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, ஃபிலிமை நான் தப்பான பக்கம் வெச்சுட்டேன்," என்றேன். "அன்னிக்கு, பிரிண்ட் போட்டப்போ. மங்கலான பக்கம் கீழே இருக்கணும். நான் மேலே வெச்சிருக்கேன். எல்லாம் இடம் வலமா மாறி விழுந்துருச்சு."

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. மறுபடி சொன்னேன். உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினேன். அவள் அருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ ஏமாத்தினது அவர் இல்ல. நீ."

ஆமாம் என்றேன். இருபத்துநாலு வருஷம். பத்தாயிரம் பேர் பார்த்த சுவரில். பாஸ்போர்ட் படத்தில் ஒரு மயிரிழை கோணினால் திருப்பி அனுப்புகிற தொழில்காரன்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அப்பா எப்படிக் கவனிக்கவில்லை? தூக்கத்தில் கேட்டாலும் ஃபிலிமின் எந்தப் பக்கம் எது என்று சொல்கிற மனிதர். அவ்வளவு நேரம் நின்று பார்த்தாரே? அம்மாவிடம் கேட்டேன். அவள் படத்தில் தன் தலைத்துணியைப் பிடித்திருந்த அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வாட்ச்சை இடது கையிலதான்டா கட்டிட்டிருந்தார்."

இல்லை, எப்போதும் வலதுதான் என்றேன் நான். என் நினைவில் அவர் கையே அப்படித்தான் இருந்தது.

"உனக்கு இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆயிடுச்சு. எனக்கும்தான். இந்தப் பெரிய படம் வந்தப்புறம்தான் மாத்தினார். கடைக்கு வந்த ஒரு ஆள், என்ன சார், படத்துல மட்டும் வாட்ச் வலது கையில இருக்குன்னு கேட்டானாம். நீ உள்ளே இருந்தியாம். அன்னிக்குச் சாயங்காலம் மாத்திக் கட்டிட்டு வந்து நிக்கிறார். ஏன்னு கேட்டேன். அரிக்குதுன்னார்."

அருவி விழுந்துகொண்டிருந்தது. நான் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கம்பி இருந்தது, நல்லவேளை. இருபத்தொரு வருஷம். மேஜையில் இடித்து, கேமராவில் உரசி, கண்ணாடி கீறிப்போய் மூன்று தடவை மாற்றி. பையன் போட்ட முதல் படத்தில் இருந்த தப்பை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, அந்த மனிதர் தப்பைத் திருத்தாமல் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஃபோகஸ் நல்லா வந்திருக்கு என்றாரே, பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல், அதில் நிஜமாகவே நன்றாக இருந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து.

அம்மா மழைக்கோட்டின் கையால் என் முகத்தைத் துடைத்தாள். தூவானம்தான் என்றேன். அவளுக்கும் நிறையத் தூவானம் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் ஃபிலிமைத் தேடி எடுத்து ஒழுங்காக ஒன்று போட்டு மாட்டுகிறேன் என்றேன்.

"வேண்டாம்," என்றாள். "அத்தனை வருஷம் அரிக்குதுன்னு சொன்னது வீணாப் போயிடும். இருக்கட்டும்."

வேனில் ஏறியதும் முதல் வேலையாக அத்தைக்குப் போன் போட்டாள். அதே அருவிதான், அதே இடம்தான், இப்போதுதான் நின்றுவிட்டு வருகிறேன் என்று வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பக்கம் அத்தை விடவில்லை. படத்தை அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்து சுவரில் இருப்பதோடு சேர்த்துவைத்துப் பார்க்கிறேன் என்றாள். அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எடுத்ததை எடுத்தபடி அனுப்பினால் தடித்த நீர் வலப்பக்கம். சுவரில் இடப்பக்கம். உண்மை தெரியாதவளிடம் உண்மையான படத்தைக் காட்டினால் அது பொய்யாகிவிடும்.

"திருப்பிப் போட்டு அனுப்பு," என்றாள் அம்மா, கூச்சமே இல்லாமல்.

திருப்பினேன். அச்சு அசலாகச் சுவரில் இருந்த படம். அதில் அம்மாவின் தலைத்துணியைப் பிடித்திருந்த என் கை வலது கையாகிவிட்டிருந்தது. கடிகாரம் மணிக்கட்டில் பளிச்சென்று தெரிந்தது. அனுப்பிவிட்டேன். அத்தைக்குக் கண் கூர்மை. ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறாள். படத்தைப் பார்ப்பாள், அப்புறம் என் கையைப் பார்ப்பாள்.

அம்மா சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, துண்டு சுற்றாமல், ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் கடிகாரத்தைக் கழற்றி வலது கையில் கட்ட முயன்றேன். இடது கை விரல்களுக்கு வார் பிடிபடவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை அம்மாவே கட்டிவிட்டாள், பழகிய கை மாதிரி.

அடுத்த வளைவில் டிரைவர் கண்ணாடி வழியாக மணி என்ன அண்ணே என்று கேட்டார். நான் இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் கைதான் இருந்தது.